மனசைப் படித்துவிட்டு வந்த தம்பி

தம்பியை மனிதர்களோடு பழகக் கற்றுக்கொண்டு வரும்படி முதலாளியே பணம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்புகிறார் என்று காதில் விழுந்ததும், அக்கா சிரித்த சிரிப்பில் மடித்துக்கொண்டிருந்த படுக்கைவிரிப்பு கைநழுவித் தரையில் விழுந்தது. தரையைத் தொட்ட துணி மறுபடி சலவைக்குப் போயாக வேண்டும். போகட்டும், இந்தச் சிரிப்புக்கு ஒரு விரிப்பு தகும் என்று அதைச் சுருட்டிக் கூடையில் எறிந்தாள்.

மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைத் தொழிற்சாலை அது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, ரகம் பார்த்து, இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுவார்கள். இந்தப் பக்கம் வெளுத்த துணி வெளியே வரும். ஈரம் வடிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து, அப்பளம்போல விறைத்துக்கொண்டு மடிப்பு மேசைக்கு வந்து சேரும். அக்காவுக்குச் சுத்தப் பக்கத்தில், மடிப்பு மேசையில் வேலை. அவளும் தம்பியும் ஒன்றாகத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அக்கா மேசையோடு நின்றுவிட்டாள். தம்பி மேலாளர் ஆனான்.

எப்படி ஆனான் என்றால், சத்தம் போட்டே ஆனான். இயந்திரங்களின் இரைச்சலை மீறி எவன் குரல் கேட்கிறதோ அவனுக்குத்தான் வேலை தெரியும் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை. தம்பியின் குரல் மாடி அறையில் உட்கார்ந்திருந்த அவருக்கே கேட்கும். வேலையாட்கள் அவனுக்குக் ‘குக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முணுமுணுவென்று தொடங்கி, புஸ்ஸென்று ஏறி, விசில் அடித்து ஓய்ந்துவிடுவான். ஓய்ந்த பிறகு போய் நின்றால் கேட்ட விடுமுறையைக் கொடுத்துவிடுவான். இது எல்லாருக்கும் தெரியும். திட்டு வாங்குவதைக் காற்று வாங்குவதுபோல எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஒருநாள் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து துணிப் பொறுப்பாளர் அம்மாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். அவள் இருப்பது தெரியாமல், துண்டுகளை மாற்றி அடுக்கிய ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு தம்பி வெளுத்து வாங்கினான். அந்த ஆளின் பரம்பரையில் தொடங்கி மூளையின் எடை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அம்மாள் முகம் சுளித்துக்கொண்டு மாடியேறிப் போனாள். அவள் இறங்கிப் போன பிறகு முதலாளி தம்பியை மேலே கூப்பிட்டார். இத்தனை வருஷமாக இனிமையாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் அன்றைக்குத்தான் அவர் காதுக்கு நாராசமானது.

பயிற்சி அந்த அம்மாளின் ஓட்டலிலேயே நடந்தது. அந்த ஓட்டல் விரிப்புகளைத் துவைப்பதே இவர்கள்தான் என்பதால், தம்பி தான் துவைத்து அனுப்பிய விரிப்பிலேயே படுத்து எழுந்து மனித மனத்தைப் படித்தான். பளபளக்கும் ஷூவைக் காலுறை இல்லாமல் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் பாடம் நடத்தினாராம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சின்ன வயதுத் தங்களையே கட்டிப்பிடிக்க வேண்டுமாம்.

திரும்பி வந்தவன் நேரே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரே கட்டடத்தில் அக்கா கீழ்வீடு, தம்பி மேல்வீடு.

“அக்கா, உணர்வு நுண்ணறிவுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றான்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது நுண்ணறிவால் அல்ல. ‘உங்களுக்கு’ என்ற சொல்லால். பிறந்ததிலிருந்து அவன் அவளை ‘நீ’ என்றுதான் சொல்லுவான். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

“யாருக்கு? என் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா?”

“மரியாதைதான் எல்லாத்துக்கும் தொடக்கம்கா. சரி, இந்த நிமிஷம் நீங்க என்ன உணர்றீங்க?”

“பசிக்குது.”

“அது உடம்போட உணர்வு. மனசுல?”

“நீ எப்ப மேல போவேன்னு இருக்குது.”

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, “உங்க நேர்மையை நான் மதிக்கிறேன்” என்றான். அப்போதுதான் அக்கா உண்மையிலேயே பயந்துபோனாள். இவன் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மனைவி கீழே இறங்கி வந்து அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“ஒரு சண்டை போட விட மாட்டேங்கிறாரு அண்ணி. கேஸ் தீர்ந்துபோச்சு, சொல்லியும் வாங்கி வரலைன்னு கத்தினேன். ‘உன் கோபத்துக்கு ஒரு இடம் கொடுக்கிறேன்’ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு. சினிமா பாக்குற மாதிரி பாக்குறாரு. நான் எத்தனை நேரம்தான் தனியா கத்துறது?”

“கேஸ் வாங்கி வந்தானா?”

“எங்க? இடம்தான் கொடுத்தாரு.”

தொழிற்சாலையிலும் அதே கூத்துதான். உலர்த்தும் இயந்திரத்து ஆள் தன் அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, இரண்டு நாள் விடுமுறை வேண்டும் என்று போய் நின்றான். தம்பி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான்.

“அப்பா மேல நீங்க வச்சிருக்கிற பாசம் என்னைத் தொடுது. உங்க தவிப்பை அப்படியே உணர்றேன்.”

“அப்ப லீவு?”

“லீவு கொடுக்க முடியாது. ஆனா உங்க ஏமாற்றம் இருக்கு பாருங்க, அதையும் உணர்றேன்.”

உலர்த்தும் ஆள் வெளியே வந்து, “அந்தாளு பழையபடி என் மூஞ்சில துப்பியிருந்தாக்கூட லீவு கிடைச்சிருக்கும்” என்றான். குக்கர் என்ற பெயர் அன்றோடு ஒழிந்தது. ‘பஞ்சுமிட்டாய்’ என்று புதுப்பெயர் வந்தது. வாயில் வைத்தால் கரைந்துவிடும், வயிற்றுக்கு ஒன்றும் போய்ச் சேராது, கையெல்லாம் பிசுபிசுக்கும்.

இது போதாதென்று வட்டம் ஒன்றைத் தொடங்கினான். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், துணி வண்டிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னான். ஆளாளுக்கு மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும். “இங்க பேசுறது இந்த வட்டத்தை விட்டு வெளிய போகாது. இது என் வாக்கு” என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். முதல் சில வாரங்கள் ஆட்கள் முதுகு வலி, மின்விசிறி ஓடவில்லை என்று ஒப்பேற்றினார்கள். தம்பி முகம் வாடும். “இன்னும் ஆழமா போகலாமே” என்பான். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு குட்டித் தூக்கம் போடப் பழகிக்கொண்டாள்.

ஆழமாகப் போனவள் நெட்டை. உருளை இயந்திரத்தில் விரிப்புகளைச் சுருக்கம் விழாமல் நுழைப்பவள். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், ஆனால் அந்தச் சூட்டில் நின்று அவள் அளவுக்கு வேலை பார்க்க ஆள் இல்லை. அன்றைக்கு என்னவோ, அவள் வாய் திறந்தது. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு, சில நாள் காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாளாம். தண்ணீர்ச் சத்தத்தில் மகளுக்குக் கேட்காதாம். “அழுதுட்டு முகத்தைக் கழுவிட்டு வேலைக்கு வந்துருவேன். வந்துட்டா சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டவள்போலத் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கே தூக்கம் கலைந்துவிட்டது. தம்பியின் கண்ணிலும் நீர் கட்டியது. அது நிஜக் கண்ணீர்தான். அதுதான் அதில் உள்ள கொடுமை.

அடுத்த மாதம் காலை ஷிப்டுக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் போட வேண்டியிருந்தது. நெட்டைக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாரம் கொஞ்சம் அதிகமாகப் பேசினாள். பதவி போனது மூட்டை கட்டும் பிரிவில் இருந்த ஓர் ஆளுக்கு. அவனுக்கு உருளையில் எந்தப் பக்கம் துணி நுழையும் என்பதே சந்தேகம். ஆனால் வட்டத்தில் எப்போதும், “நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன் சார்” என்று மட்டும் சொல்லுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் கீழ்வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“நெட்டைக்கு ஏன்டா கொடுக்கல?”

“அவங்க நல்ல உழைப்பாளிதான்கா. ஆனா உணர்ச்சி நிலை இன்னும் ஸ்திரமா இல்லை. பொறுப்பு கொடுத்தா உடைஞ்சிருவாங்க. முதலாளிகிட்டயும் அதைத்தான் சொன்னேன்.”

“ஸ்திரமா இல்லைன்னு உனக்கு எவன் சொன்னான்?”

“அவங்களே சொன்னாங்களே. வட்டத்துல. காலையில அழறேன்னு.” வாயில் சோற்றோடு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். “இதுக்குத்தான் மனசைப் படிக்கத் தெரியணும்கிறது. முன்னாடியா இருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது.”

கரண்டி அக்காவின் கையிலேயே நின்றது. அவள் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தம்பி மனைவி மட்டும், “அடப்பாவி” என்றாள். அதற்கும் தம்பி தலையைச் சாய்த்து மதிக்கப் போனான். “மதிச்சீன்னா இந்தக் குழம்பைத் தலையில ஊத்திருவேன்” என்றாள் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை வட்டத்தில் அக்கா தூங்கவில்லை. நெட்டை வாயைத் தைத்துக்கொண்டவள்போல உட்கார்ந்திருந்தாள். யாராவது பேசுங்கள் என்று தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“நான் பேசட்டுமா?” என்றாள் அக்கா.

“பேசுங்கக்கா! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

“மேலாளர் ஆன அன்னைக்கு ஒருத்தன் என் வீட்டுச் சமையல் கட்டுல வந்து உட்கார்ந்தான். இனிப்பு டப்பாவோட வந்தான். டப்பாவைக்கூடத் திறக்கல. ஓன்னு அழுதான். ‘என்னால முடியாதுக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது, கத்துறதை விட்டா வேற எதுவும் வராது, எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க’ன்னு முந்தானையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். தண்ணி கொடுத்து அனுப்பினேன். இப்பதான் எனக்கு உறைக்குது, நான் அன்னைக்கே முதலாளிகிட்டப் போயி, இவன் உணர்ச்சி நிலை ஸ்திரமா இல்லை, பொறுப்பு கொடுத்தா உடைஞ்சிருவான்னு சொல்லியிருக்கணும்.”

தம்பியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்தான். எத்தனையோ மாதமாக அடைத்து வைத்திருந்த குரல் பழைய வேகத்தில் கிளம்பியது.

“அதை எதுக்கு இங்க சொல்ற நீ? உன்னை நம்பித்தானே சொன்னேன்! நம்பிச் சொன்னதைக் கொண்டாந்து இத்தனை பேர் முன்னாடி…”

அங்கேயே நின்றுவிட்டான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. உலர்த்தும் இயந்திரங்கள் மட்டும் உருண்டுகொண்டிருந்தன. நெட்டை எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு உருளைகளிடம் போனாள். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். தம்பி வட்டமாகக் கிடந்த காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றான்.

திங்கட்கிழமை அக்காவை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். தம்பி நேரில் வந்து சொல்லவில்லை. புதுப் பொறுப்பாளனிடம் சொல்லி அனுப்பினான். அவன், “ரொம்ப சந்தோஷமா இருக்கும்கா” என்றான். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். மருத்துவமனை மூட்டைகளின் வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது. விரிப்புகளுக்குள்ளிருந்து கத்தரிக்கோல், செருப்பு, ஒருமுறை யாருடையதோ பல்செட் எல்லாம் வந்தன.

வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மேல்வீடு மேலேயே சாப்பிட்டது. அக்கா அவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் கணவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்.

“அவன் செஞ்சது அயோக்கியத்தனம்தான். நீ செஞ்சது மட்டும் என்ன? அவனும் உன்னை நம்பித்தானே அழுதான்.”

“அவனுக்கு உறைக்கணும்னு சொன்னேன்.”

“உறைச்சிருக்கும். ஆனா இனிமே அவன் உன்கிட்ட அழ மாட்டான்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அடுப்பைத் துடைக்கப் போனாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சில வாரம் போன பிறகு, ஒரு காலையில் தம்பி அழுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வாடை மூக்கில் ஏறியதும் ஒரு கணம் தடுமாறினான்.

“நான் என்ன சொல்ல வந்தேன்னா,” என்று தொண்டையைச் செருமினான், “உங்க இடத்துல இருந்து பார்க்கும்போது…”

“என் இடத்துல இருந்து பார்க்கணும்னா என் இடத்துல வந்து நில்லு.” அக்கா ஒரு ஜோடி கையுறையை அவன் மார்பில் எறிந்தாள். “பேசுறதா இருந்தா பிரிச்சுக்கிட்டே பேசு. வண்டி நிக்குது.”

அவன் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றான். மூட்டையை அவிழ்த்தான். கறை பட்டதைத் தனியே, துண்டைத் தனியே போடுவதற்குள் இரண்டு முறை ஓக்காளித்தான். மூன்றாவது மூட்டை பாதியில் இருக்கும்போதுதான் வாய் திறந்தான்.

“நெட்டைகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலக்கா.”

“என்னைக் கேட்டா? அவகிட்டப் போயி நில்லு. அவ சொல்லுவா.”

“திட்டுவா.”

“திட்டட்டும். கேட்டுக்கோ. நடுவுல மதிக்கிறேன், உணர்றேன்னு மட்டும் எதையாச்சும் சொல்லித் தொலைக்காத.”

பிறகு கறை பட்ட விரிப்பு ஒன்றைத் தனியே எறிந்தாள். “நான் அன்னைக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். அவன் மூட்டையை முடித்துவிட்டுத்தான் போனான்.

நெட்டை அவனைத் திட்டியதைச் சுத்தப் பக்கமே கேட்டது. உருளைகளை நிறுத்தாமல், துணியை நுழைத்துக்கொண்டே திட்டினாள். “என் கண்ணீரை எடுத்து எனக்கே விலங்கு போட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று அவள் கேட்டது இரைச்சலைத் தாண்டி மடிப்பு மேசை வரை வந்தது. தம்பி கை கட்டி நிற்கவும் இல்லை, தலையைச் சாய்க்கவும் இல்லை. சும்மா நின்றான். கடைசியில், “தப்புதான்” என்றான். அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

முதலாளியிடம் போய்ப் பதவியை நெட்டைக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறான். கொடுத்ததைப் பிடுங்கினால் எனக்கு அசிங்கம் என்று அவர் கையை விரித்துவிட்டார். நெட்டை அதற்காகக் காத்திருக்கவில்லை. வேறொரு சலவைத் தொழிற்சாலையில் பொறுப்பாளராகவே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. தப்பென்று ஒப்புக்கொண்டதால் நடந்தது நடக்காமல் போய்விடுமா என்ன? அவள் இடத்துக்கு வந்தவன் முதல் மாதத்தில் சுட்டுக் கெடுத்த விரிப்புகளை வைத்து ஒரு ஓட்டலே நடத்தலாம்.

அந்தப் புது ஆள் வாரத்தில் ஒரு நாளாவது மதியத்தோடு கிளம்பிவிடுவான். முதலாளி கண்ணில் அது பட்டது. அழுக்குப் பக்கத்தில் வண்டிகள் தேங்குகின்றன என்று அவர் பார்க்க வந்த அன்றைக்கு, அக்கா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும்போதே தம்பியைக் கேட்டார்.

“உருளையில இருக்கிறவன் ஏன் அடிக்கடி பாதியில போறான்? வீட்டுல என்ன பிரச்சினை?”

“தெரியல சார். வீட்டு வேலைன்னான். அவன் நேரத்தை நான் ஈடுகட்டிக்கிறேன்.”

“தெரியலையா? அவ்வளவு பணம் கட்டி உன்னைப் படிக்க அனுப்பினேனே. ஆளுங்க மனசுல என்ன ஓடுதுன்னுகூடத் தெரிஞ்சு வச்சுக்கலைன்னா நீ என்னத்தைய்யா கத்துக்கிட்ட?”

“இல்ல சார், தெரியல” என்று மறுபடியும் சொன்னான் தம்பி. வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

தெரியாமல் என்ன? அந்த ஆளின் மனைவிக்கு மனம் சரியில்லை, வாரா வாரம் மருத்துவரிடம் கூட்டிப் போகிறான் என்பது அவனே வந்து தம்பியிடம் சொல்லும்போது, நடுச்சுவர்க் கதவோரம் வண்டி தள்ளிக்கொண்டிருந்த அக்காவின் காதிலும் விழுந்திருந்தது.

முதலாளி போன பிறகு தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பார்க்காததுபோல அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மனிதன் சொன்னதை வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஓட்டல் அறை, பளபளக்கும் ஷூ, வட்டம், ஒரு நல்ல வேலைக்காரி எல்லாம் செலவாகியிருந்தன. அன்றைக்கு மாலை மேல்வீட்டைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பை நிறையவே ஊற்றினாள். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாராட்டினால் மறுபடியும் எங்காவது பயிற்சிக்குக் கிளம்பிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.